நீர்மேற் பாதை

முல்லைத்தீவுப் பட்டினத்திலிருந்து கடற்கரையை ஒட்டித் தெற்கே செல்லும் தெரு சிலாவத்தை, அளம்பில், செம்மலை, நாயாறு முதலிய ஊர்களைக் கடந்து கொக்கிளாயை அடைந்ததும் நீரின் விளிம்பிலே நின்றுவிடுகின்றது. எதிரே கண்ணுக்கெட்டிய மறுகரையில் அத்தெருவே மீண்டும் தலையெடுத்துப் புல்மோட்டைக்கும், அப்பாற் குச்சவெளி வழியாகத் திருகோணமலைக்கும் போகின்றது. இடையிற் கிடப்பது கொக்கிளாய்க் கடனீரேரியின் முகத்துவாரம். அறுந்துபோன தெருவின் இரு முனைகளையும் முடிந்துவைப்பதற்கு எங்கள் இளமைக்காலத்திலே அங்கே ஒரு பாதை இருந்தது.

பாதை என்று நான் எழுதுவது நடைவழியை அன்று. ஈழத்தின் வடக்கிலும் கிழக்கிலும், ஆட்களையும் வண்டிகளையும் ஏற்றிக்கொண்டு களப்பைக் கடக்கும் மிதவைக்குப் பாதை என்பதே பெயர். மட்டக்களப்பில் மண்முனைப் பாதை, குறுமண்வெளிப் பாதை. திருகோணமலையிற் கிண்ணியாப் பாதை. வன்னியின் வடமேற்கிற் சங்குப்பிட்டிப் பாதை. தீவுப்பகுதியிற் காரைநகருக்கும் ஊர்காவற்றுறைக்கும் இடையிலான பாதை. தமிழ்நாட்டிலிருந்து வந்திருந்த சொற்பொழிவாளர் ஒருவரை நாங்கள் அழைத்துச் சென்றபோது, "பாதை இன்னும் வரவில்லை, இருங்கள்" என்று துறையில் நின்றவர் சொல்ல, "பாதை எப்படி ஐயா வரும்? நாமல்லவோ பாதையிற் போகவேண்டும்!" என்று அப்பெரியார் திகைத்ததை இன்றும் நினைத்துச் சிரிப்பேன்.

அகராதிகளிலே பாதை என்பதற்கு வழி என்ற பொருளோடு மரக்கலம் என்ற பொருளும் காணப்படும். இவை ஒரே சொல்லின் இரு பொருள்களோ, ஒலியால் ஒன்றுபட்ட இரு சொற்களோ என்பதைப் புலவர்கள் ஆராய்ந்து கொள்ளட்டும். துறையிலே நின்றவர்க்கு இரண்டும் ஒன்றுதான். தெரு முடிந்த இடத்தில் எது தெருவாகத் தொடர்கின்றதோ அதுவே பாதை. இச்சொல்லில் அடங்கிய கருத்தை மறந்த காலங்களிலெல்லாம் கரையோர மக்கள் துன்புற்றிருக்கின்றனர் என்பதே இக்கட்டுரையில் நான் சொல்ல வந்தது.

மலர்க்குழுவினர் என்னிடம் கட்டுரை கேட்டபோது, கல்லூரியைப் பற்றி எழுதுவேன் என்று எதிர்பார்த்திருப்பர். கல்லூரியைப் பற்றி எழுதத் தகுதியுடைய பழைய மாணவர் பலர் உளர். கல்லூரிக்கு வந்து சேர்ந்த வழியைப் பற்றி எழுதுவார் சிலரே. தந்தையார் துறையருகே ஒரு தேநீர்க்கடை வைத்திருந்தமையால், பாதையைப் பார்த்துக்கொண்டே வளரும் வாய்ப்பு எனக்குக் கிடைத்தது.

இக்கரையில் ஏன் பாதை வேண்டியதாயிற்று என்பதை முதலில் விளக்கவேண்டும். முல்லைத்தீவு மாவட்டத்தின் கடலோரத்திலே மூன்று பெரிய கடனீரேரிகள் உள. பட்டினத்திற்கு வடமேற்கே வட்டுவாகலிற் கடலைத் தொடும் நந்திக்கடல், தெற்கே நாயாறு, அதற்கும் தெற்கே, முல்லைத்தீவு திருகோணமலை ஆகிய இரு மாவட்டங்களுக்கும் பொதுவாகக் கிடக்கும் கொக்கிளாய். மூன்றும் ஒரே முறையில் அமைந்தவை. உள்நாட்டிலிருந்து வரும் ஆறுகள் கடலை அடையுமுன் தாழ்நிலத்திற் பரந்து தேங்குகின்றன. கடலலையும் கரையோர நீரோட்டமும் மணலைக் கொணர்ந்து அத்தேக்கத்தின் வாயிலே குவித்து ஒரு தடையை எழுப்புகின்றன. சித்திரை தொடங்கிப் புரட்டாதி வரை ஆற்றில் வேகமில்லை, மணல் வெல்கின்றது. முகத்துவாரம் ஒடுங்கும், சிலவிடங்களில் அடைபட்டும் போகும். ஐப்பசி பிறந்து வாடை தொடங்கி மழை கொட்டியதும் ஆறு வெல்கின்றது. மணற்றடை ஓரிரவில் உடையும். நேற்று முழங்காலளவு நீரில் நடந்த இடத்திலே இன்று ஆளை இழுக்கும் வெள்ளம் ஓடும்.

நம் நாட்டுக் கரைகளிலே வற்றும் பெருக்கும் ஒரு மீற்றருக்கும் குறைந்தவை. பிறநாட்டுத் துறைகளிற்போல நாழிகைக் கணக்குப் பார்த்து, பெருக்கு வரும், வற்று வரும் என்று காத்திருக்க இங்கே இடமில்லை. எங்கள் துறையின் பஞ்சாங்கம் வானத்திலே மட்டும் இருந்தது.

ஊர்ப்பெயர்களே இச்செய்தியைச் சொல்லும். கடலும் கழியும் தொடும் வாய் தொடுவாய். கொக்குத்தொடுவாய் என்ற பெயரிலே நீர்வாயும் உண்டு. அதனை நம்பி வாழும் பறவையும் உண்டு. கொக்கிளாயும் அவ்வாறே கொக்கைத் தலையிலே சுமந்த பெயர். கூழைக்கடாவும் நாரையும் கொக்கும் கூட்டங்கூட்டமாக வந்திறங்கும் இக்கடனீரேரியை 1951 ஆம் ஆண்டிலே அரசினர் பறவைகள் சரணாலயமாகப் பிரகடனஞ் செய்தனர்.

முகத்துவாரம் எப்பொழுது திறக்கவேண்டும் என்பதிலே கமக்காரருக்கும் மீன்பிடிகாரருக்கும் என்றும் வழக்குண்டு. வயலிலே வெள்ளம் ஏறினால், வாயை வெட்டிவிடு என்பார் கமக்காரர். இறால் கடலிலே பிறந்து, குஞ்சாகக் கழியினுட் புகுந்து, அங்கு வளர்ந்து மீண்டும் கடலுக்குத் திரும்பும் பிராணி. வாய் திறக்கும் காலமும் மூடும் காலமும் பிழைத்தால் அவ்வாண்டு இறால் இல்லை. ஆகவே, பொறு என்பார் மீன்பிடிகாரர். வட்டுவாகலில் மாரிதோறும் நிகழும் இப்பேச்சுவார்த்தையைப் பொருளியல் மாணவர் எவராயினும் ஒரு முறை போய்க் கேட்பின், பாடநூலிற் கிடைக்காத அறிவு பெறுவர்.

இனி எங்கள் பாதையைச் சொல்லுகின்றேன். மண்முனையிலும் கிண்ணியாவிலும் ஓடியவை போன்ற பெரிய பாதை அன்று அது. பெரிய பாதைகள் இரும்பு மிதவைகளின்மேற் பலகைத் தளம் பரப்பப்பட்டு, இரு கரைகளுக்கும் இடையே கட்டிய கம்பிவடத்தைப் பற்றி இழுக்கப்படுபவை. பேருந்தும் பாரவண்டியும் அவற்றில் ஏறும். ஓடமும் ஒருநாள் வண்டியில் ஏறும், வண்டியும் ஒருநாள் ஓடத்தில் ஏறும் என்ற பழமொழியின் பிற்பாதி அங்கே நாள்தோறும் மெய்யாயிற்று. என் நினைவிலுள்ள கொக்கிளாய்ப் பாதையோ இரண்டு வள்ளங்களைப் பக்கம் பக்கமாகப் பிணைத்து, குறுக்கே பலகை அடித்த எளிய கலம். இத்தகைய ஓடத்திற்குச் சங்கடம் என்றொரு பழம்பெயர் உண்டு. மலையாளத்தார் சங்ஙாடம் என்பர். போர்த்துக்கேயர் இச்சொல்லைக் கடல்கடந்து கொண்டுசெல்ல, பிரேசில் நாட்டு மீனவர் தம் கட்டுமரத்தை இன்றும் ஜங்காடா என்றே அழைக்கின்றனர். துன்பம் எனப் பொருள்படும் சங்கடம் வேறு சொல். ஆயினும் மாரிகாலத்திலே இரண்டையும் ஒருங்கே அனுபவித்திருக்கின்றோம்.

கோடையில் இருவர் நீண்ட கம்புகளை நிலத்தில் ஊன்றித் தள்ளுவர். கம்பு எட்டாத ஆழம் வந்தால் துடுப்பு. நீரோட்டம் சிறிது வலுத்தால் நேரே செலுத்துவதில்லை. முதலிற் கரையோரமாக உட்பக்கம், அதாவது கடலுக்கு எதிர்த்திசையிலே, வெகுதூரம் சென்று, பின்பு சாய்வாக விடுவர். நீர் கலத்தைக் கடற்பக்கம் இழுத்து வருகையில், மறுகரையின் துறை தானாகவே முன்னால் வந்து நிற்கும். எவ்வளவு தூரம் உட்செல்ல வேண்டும் என்பதே அத்தொழிலின் முழு வித்தையும். குறைவாகச் சென்றால் கலம் துறையைத் தவறவிட்டு வாய்க்குட் போய்விடும். அங்கே வெளியேறும் வெள்ளமும் உள்ளேறும் கடலலையும் மோதுமிடத்தில் நீர் செங்குத்தாக எழும்; எந்த வள்ளமும் தாங்காது.

ஆளுக்கு ஐந்து சதம், சைக்கிளுக்குப் பத்துச் சதம் என்பது என் நினைவு. மருத்துவச்சிக்கும் பிரேதத்தோடு வருவோர்க்கும் கூலி இல்லை. இரவிலே அக்கரையில் எவரேனும் வந்து சேர்ந்தால் ஒரு சூழையோ விளக்கையோ அசைப்பர். பாதைக்காரர் எழுந்து போவார். அவ்வாறு போகாத இரவு இல்லை என்று சொல்லமாட்டேன். அவரும் மனிதர், மழையிலே படுக்கையை விட்டெழ எவர்க்கும் மனம் வராது. ஆனால் நோயாளிக்கென்று விளக்குச் சுழற்றினால் அதன் குறிப்பு வேறு. அதற்கு அவர் எழாதிருந்ததை நான் அறியேன்.

அப்பாதையில் ஏறியவர் யாவர்? புல்மோட்டை முஸ்லிம் வணிகர் துணிமூட்டையோடு வருவர். எங்கள் ஊரார் கருவாட்டையும் இறாலையும் கொண்டு அக்கரை போவர். சோளகக் காலத்திலே மேல்கரைக் கடல் கொந்தளிக்க, நீர்கொழும்பு, சிலாபம் பகுதிகளிலிருந்து மீனவர் குடும்பங்கள் கீழ்க்கரைக்கு வந்து வாடி அமைத்துத் தங்கும், அவர்களும் ஏறுவர். புல்மோட்டையிலே கனிய மணற் கூட்டுத்தாபனம் கறுப்பு மணலை அள்ளத் தொடங்கிய பின் வேலைக்குப் போவோரும் சேர்ந்தனர். வைகாசி விசாகத்தை அண்டி வற்றாப்பளைக் கண்ணகி அம்மன் பொங்கலுக்குத் தெற்கிலிருந்து வருவோர் நெற்றியில் நீறும் தலையில் நேர்த்திப் பொருளுமாக ஏற, முஸ்லிம் முதியவர் ஒருவர் எழுந்து அவர்களுக்கு இடம்விட்டதைப் பார்த்திருக்கின்றேன். மூன்று மொழி வழக்குகளும் அந்தப் பலகையிலே ஒலித்தன. பாதைக்காரர் மூன்றிலும் வைவார்.

இப்பொழுது சொல்லப்போவது எனக்கு எளிதன்று. என் வகுப்பிலே தென்கரை ஊரொன்றிலிருந்து வந்த தோழன் ஒருவன் இருந்தான். நாங்கள் இருவரும் கல்லூரி விடுதியில் தங்கி, வெள்ளிதோறும் ஒன்றாகப் பேருந்தேறிக் கொக்கிளாய்க்கு வருவோம். அவன் பாதையேறி அக்கரை போவான். ஞாயிறு திரும்பி வருவான். நம் நாட்டிலே பொதுத்தராதரப் பத்திரப் பரீட்சை டிசம்பரிலே நடைபெற்றது. கொழும்பிலே இருந்து திகதி குறித்தவர்க்கு அது ஆண்டின் முடிவு. எங்கள் கரையிலோ அது முகத்துவாரம் உடையும் மாதம். ஆகவே தென்கரை மாணவர் பரீட்சைக்கு ஒரு வாரம் முன்னரே இக்கரை வந்து உறவினர் வீட்டில் தங்குவதே வழக்கம்.

1965 டிசம்பரில் எங்கள் பரீட்சை. முந்திய ஆண்டு டிசம்பர் 22, 23ஆம் நாட்களில் வடபகுதியைத் தாக்கித் தனுஷ்கோடியை அழித்த சூறாவளியின் பின் முகத்துவாரம் முன்போல் இல்லை என்று பெரியோர் சொல்லிக்கொண்டிருந்தனர். பரீட்சைக்கு முந்திய வெள்ளிக்கிழமை, "அந்தப் பிள்ளையை இந்தமுறை போகவிடாதே, எங்கள் வீட்டிலேயே நிற்கச் சொல்" என்று அம்மா எனக்குச் சொல்லியனுப்பியிருந்தார். நான் சொல்லவில்லை. பேருந்திலே வேறு எதையோ பேசிக்கொண்டு வந்தோம். அது என்னவென்றும் இன்று நினைவில்லை. அவன் பாதையேறிக் கையசைத்துப் போனான்.

சனி இரவு முழுதும் மழை. ஞாயிறு விடியுமுன் மணல் உடைந்தது. காலையில் நான் துறைக்குச் சென்றபோது அவன் அக்கரையிலே வெள்ளைச் சட்டையும் புத்தகப் பையுமாக நின்றான். நடுவில் மண்ணிற வெள்ளம், மரக்கிளைகளையும் புற்கற்றைகளையும் அள்ளிக்கொண்டு கடலுக்கு ஓடியது. வாயின் குறுக்கே வெண்ணுரை ஒரு மதில்போல் எழுந்து எழுந்து விழுந்தது. பாதைக்காரர் வள்ளங்களை மேட்டில் இழுத்துக் கட்டிவிட்டு எங்கள் கடை வாங்கிலே குந்தியிருந்தார். என் தந்தையார் அவரிடம், "அண்ணை, பிள்ளைக்கு நாளைக்குச் சோதினை. ஒருக்கால் விட்டுப் பாருங்கோ" என்று கெஞ்சினார். அவர் வெள்ளத்தைவிட்டுக் கண்ணை எடுக்காமலே, "தம்பி, சோதினை அடுத்த வருசமும் வரும்" என்றார்.

நான் பிற்பகற் பேருந்தில் ஏறி வந்துவிட்டேன். திங்களன்று கணிதம். செவ்வாய் நண்பகலிலேதான் பாதை ஓடிற்று. என் தோழன் ஏனைய பாடங்களை எழுதினான், கணிதத்தை எழுதவில்லை. அடுத்த ஆண்டு எழுதலாம் என்று ஆசிரியர்கள் சொன்னார்கள். அடுத்த ஆண்டு அவன் தகப்பனார் நோய்வாய்ப்பட்டார்; வயல் அவன் கைக்கு வந்தது; பின்னர் அதே பாதையிலே கம்பு பிடிக்கும் கையாளாகவும் இருந்தான். நான் உத்தியோகம் பார்த்து இளைப்பாறினேன்.

பாதைக்காரர்மேல் எனக்கு நெடுநாள் சினம் இருந்தது. ஒருமுறை முயன்றிருக்கலாம் என்று எண்ணினேன். திருஞானசம்பந்தர் திருக்கொள்ளம்பூதூர் செல்லும்போது வெள்ளம் பெருகியமையால் ஓடக்காரர் ஓடத்தைக் கட்டிவிட்டு அகன்றனர் என்றும், பிள்ளையார் தாமே அடியாரை ஏற்றிப் பதிகம் பாட ஓடம் கரை சேர்ந்தது என்றும் பெரிய புராணம் சொல்லும். சமய வகுப்பிலே அதைப் படித்தபோது அந்த ஓடக்காரரைக் கோழைகள் என்றே கொண்டேன். பதிகம் பாடத் தெரியாதவன் ஓடத்தைக் கட்டிவிட்டுப் போனதே சரி என்பதை விளங்கிக்கொள்ள எனக்கு ஐம்பத்தாறு ஆண்டுகள் சென்றன.

2021 நவம்பர் 23ஆம் நாள் கிண்ணியாவை அடுத்த குறிஞ்சாக்கேணியிலே நிகழ்ந்ததை அன்பர்கள் மறந்திருக்கமாட்டார்கள். அங்கே புதிய பாலம் கட்டுவதற்காகப் பழைய பாலம் நீக்கப்பட்டிருந்தது. இடைக்காலத்தில் மக்கள் கடப்பதற்கென ஒரு மிதவைப் பாதை தனியாரால் ஓட்டப்பட்டது. காலையிலே பள்ளிக்கூடப் பிள்ளைகளும் பிறரும் நிறைய ஏறியிருந்த அப்பாதை கவிழ்ந்தது. சிறுவர் நால்வர் உட்பட ஆறுபேர் அன்றே உயிரிழந்தனர். காயமுற்றோருட் சிலர் பின்னர் இறந்தனர். செய்தியை வானொலியிற் கேட்டுக்கொண்டிருந்தபோது, எங்கள் கடை வாங்கிலே குந்தியிருந்து வெள்ளத்தைப் பார்த்த அந்த முதியவரே என் கண்முன் வந்தார். பாதை செலுத்துவது அவர் தொழிலிற் பாதி. செலுத்தாதிருப்பது மற்றப் பாதி. அந்த இரண்டாம் பாதியைச் செய்வதற்கு ஓர் ஆள் வேண்டும். அவருக்கு ஓர் அதிகாரமும் வேண்டும். அவர் மறுத்த நாளில் மக்கள் செல்ல வேறு வழியும் வேண்டும். பாலம் கட்டுவோர் பாலத்தை மட்டும் கணக்கிட்டு, அது முடியும்வரை உள்ள மாதங்களைக் கணக்கிலே எடுக்காவிட்டால், அந்த மாதங்களைக் குழந்தைகளே கடக்கின்றனர்.

பிறநாடுகளிலே இதனை எவ்வாறு எண்ணுகின்றனர் என்பதையும் ஒரு சிறிது சொல்லலாம். நோர்வே நாட்டிலே மலைகளுக்கிடையே கடல் நெடுந்தூரம் உட்புகுந்து தெருக்களை அறுக்கின்றது. அவ்விடங்களில் ஓடும் பல பாதைகள் தேசிய நெடுந்தெருவின் பகுதிகளாகவே கொள்ளப்படுகின்றன. ஸ்கொத்லாந்திலே மேற்குத் தீவுகளுக்கு ஓடும் சிறு கப்பல்களில், அதே தூரத்தைத் தெருவிலே மோட்டார் வண்டியிற் கடப்பதற்கு ஆகும் செலவை அளவுகோலாக வைத்துக் கட்டணம் விதிக்கும் முறை 2008 ஆம் ஆண்டிலே பரீட்சார்த்தமாகத் தொடங்கப்பட்டுப் பின்னர் விரிந்தது. தீவிலே பிறந்தவன், தெருவோரத்திலே பிறந்தவனைவிட அதிகம் கொடுக்கவேண்டியதில்லை என்பது அதன் கருத்து. இக்கருத்துக்கு அவர்கள் ஒரு நீண்ட பெயர் வைத்திருக்கின்றார்கள். நாங்கள் ஒரே சொல்லிலே பாதை என்று சொல்லிவிட்டு மறந்துவிட்டோம்.

எங்கள் பாதை நின்றது வெள்ளத்தாலன்று. 1984 நவம்பர் இறுதியிலும் டிசம்பரிலும் அக்கரையோரம் இரத்தக்கறை படிந்தது. சிங்கள மீனவக் குடும்பங்களும் கொல்லப்பட்டன. தமிழ்க் குடும்பங்களும் கொல்லப்பட்டன. கொக்கிளாய், கருநாட்டுக்கேணி, கொக்குத்தொடுவாய் மக்களும் தெற்கே தென்னைமரவடி மக்களும் அந்த டிசம்பரிலே ஊரைவிட்டு அகன்றனர். போர் முடிந்த பின்னரே அவர்கள் திரும்ப முடிந்தது. ஏறுவதற்கு ஆளில்லாத துறையிலே பாதைக்கு என்ன வேலை? என் தந்தையாரின் கடையும் அத்தோடு போயிற்று.

அதன்பின் வன்னி மக்கள் வேறு நீரைக் கடக்கக் கற்றனர். 1990 யூனிலே போர் மீண்டும் மூண்டதும் ஆனையிறவுத் தரைவழி மூடப்பட்டது. பூநகரியையும் யாழ்ப்பாணத்தையும் இணைத்த கேரதீவு-சங்குப்பிட்டிப் பாதையும் பின்னர் நின்றது. எஞ்சியது கிளாலிக் கடனீரேரி. முல்லைத்தீவிலிருந்து யாழ்ப்பாணப் பல்கலைக்கழகத்துக்குத் தெரிவான நம் மாணவர் பலர் அந்நீரை இரவிலே, விளக்கின்றிக் கடந்தனர். இயந்திரம் பூட்டிய படகொன்று முன்னே செல்ல, இயந்திரமில்லாத படகுகள் ஒன்றன்பின் ஒன்றாகக் கயிற்றிலே பிணைக்கப்பட்டுத் தொடரும். எரிபொருள் கிடைத்தற்கரிய காலம். அதனாலேயே அந்தக் கோவை. 1993 ஜனவரி 2ஆம் நாள் இரவிலே அவ்வழி சென்ற பயணிகள் பலர் கடற்படையினரின் தாக்குதலில் உயிரிழந்தனர். அடுத்த சில நாட்களிலேயே வேறு படகுகள் புறப்பட்டன. போகாமலிருக்க வழியில்லை. மறுக்கும் உரிமை ஓடக்காரனுக்கும் இல்லை, ஏறுபவனுக்கும் இல்லை என்ற நிலையிலே ஓடம் ஓடுவது எவ்வளவு கொடியது என்பதை அத்தலைமுறை மாணவர் அறிவர். அவர்களுட் சிலர் இம்மலரிலேயே எழுதியிருக்கக்கூடும். ஆதலால் நான் விரிக்கவில்லை.

இன்னுமொரு பாதையைச் சொல்லவேண்டும். 2009 ஆம் ஆண்டின் தொடக்கத்திலே மக்கள் முல்லைத்தீவுக் கடலோரத்தின் ஒடுங்கிய நிலத்துண்டிலே நெருக்குண்டபோது, புதுமாத்தளன் பாடசாலையில் ஒரு தற்காலிக வைத்தியசாலை இயங்கியது. தரைவழியாக நோயாளரைக் கொண்டுசெல்ல இயலாமற் போயிற்று. செஞ்சிலுவைச் சர்வதேசக் குழு, 'கிறீன் ஓஷன்' என்னும் சிறிய பயணிகள் கப்பலை வாடகைக்கு அமர்த்தியது. பெப்ரவரி 10ஆம் நாள் முதல் அது வரத்தொடங்கியது. அக்கரையிலே இறங்குதுறை இல்லை. ஆகவே கப்பல் கடலிலே நிற்க, கரையிலிருந்த மீனவர் தம் வள்ளங்களிலே காயமுற்றோரைக் கிடத்தி அலையைக் கடந்து கொண்டுபோய்க் கப்பலிலே ஏற்றினர். மே 9ஆம் நாள் இறுதிப் பயணம் வரையில் நோயாளரும் உடன்சென்றோருமாகப் பதின்மூவாயிரத்துக்கும் மேற்பட்டோர் இவ்வாறு அழைத்துச் செல்லப்பட்டனர். முதலிலே திருகோணமலைக்கும், மார்ச் மாதத்திலே இந்திய மருத்துவக் குழு புல்மோட்டையிற் கள வைத்தியசாலை அமைத்தபின் அங்கும் அவர்கள் இறக்கப்பட்டனர்.

புல்மோட்டை! எங்கள் பாதையின் மறுகரை அதுவேயன்றோ. கருவாட்டுக் கூடையோடு ஐந்து சதத்துக்குச் சென்ற கரைக்கு, எங்கள் மக்கள் இரண்டு தலைமுறைக்குப் பின் கடல்வழியாகச் சுற்றி, குருதி ஒழுகச் சென்றனர். அப்பொழுது அவர்களை வள்ளத்திலே தாங்கிய மீனவருடைய பெயர்களை எவரும் எழுதிவைத்ததாக நான் காணவில்லை. வாழுகின்றவர்களிடம் கேட்டு எழுதிவைப்பது நம் கல்லூரி வரலாற்று மன்றத்துக்கு ஏற்ற பணியாகும்.

போருக்குப்பின் பாலங்கள் வந்தன. கிண்ணியாவில் 2009 ஒக்டோபரிலும், சங்குப்பிட்டியில் 2011 ஜனவரியிலும், மண்முனையில் 2014 ஏப்ரலிலும் பாலங்கள் திறக்கப்பட்டு அப்பாதைகள் ஓய்ந்தன. சங்குப்பிட்டிப் பாலம் 288 மீற்றர் நீளமானது. ஒரு வெற்றிலை போட்டு முடியுமுன் கடந்துவிடலாம். பாதை போனதற்காக நான் வருந்தவில்லை. துறையிலே நின்று மழையில் நனையாதவர்களே பாதையின் அழகைப் பாடுவர். வட்டுவாகலிலும் தாழ்ந்து சிதைந்த பழைய பாலத்துக்குப் பதிலாகப் புதியது கட்டும் வேலை 2025 செப்ரெம்பர் 2ஆம் நாள் ஜனாதிபதியால் தொடக்கிவைக்கப்பட்டது. கொக்கிளாய் முகத்துவாரத்துக்கு ஒரு பாலம் வேண்டும் என்ற கோரிக்கை நெடுநாளாக இருந்துவருகின்றது. அது எழுமட்டும், வெள்ளத்தைப் பார்த்து இன்று இல்லை என்று சொல்லத் தகுந்த ஒருவர் பொறுப்பிலே, சம்பளத்தோடும் உயிர்காப்பு அங்கிகளோடும் ஒழுங்கான பாதை ஒன்று அங்கே ஓடுவதைத் தெருவேலையின் ஒரு பகுதியாக எண்ணவேண்டும் என்பது என் துணிபு. பரீட்சைத் திகதி குறிப்போரும் கரையோர மாணவரின் மாரியை ஒருமுறை எண்ணிப் பார்த்தல் நன்று.

சென்ற ஆண்டு கோடையிலே கொக்கிளாய்க்குச் சென்றிருந்தேன். கடை இருந்த இடத்திலே அடம்பன்கொடி படர்ந்திருந்தது. என் தோழனும் வந்திருந்தான். ஊன்றுகோலோடு, ஆனால் என்னைவிட நிமிர்ந்து நடந்தான். மீனவ இளைஞர் ஒருவர் தம் இயந்திரப் படகிலே எங்களை அக்கரைக்கு ஏற்றிச் சென்றார். படகு புறப்படுமுன், பழக்கத்தால்போலும், தோழன் கடல்வாயை ஒருமுறை கூர்ந்து பார்த்துவிட்டே உட்கார்ந்தான். நடுநீரிலே, அம்மா சொல்லியனுப்பியதையும் நான் சொல்லாமல் விட்டதையும் அவனிடம் சொன்னேன். அறுபது ஆண்டுகளாகச் சொல்லாதது. இயந்திரத்தின் இரைச்சலிலே அவனுக்குக் கேட்கவில்லை. கரையில் இறங்கியபின் மறுபடியும் சொன்னேன்.

"உங்கட வீட்டிலை நிண்டிருந்தாலும் கணக்கிலை நான் பாசாகியிருக்கமாட்டன்" என்று சொல்லிவிட்டு, திரும்பிப் போவதற்குப் படகு எத்தனை மணிக்கு என்று அந்த இளைஞரை விசாரித்தான்.